இருட்டானால் எரியும் விளக்கு

ஜூன் 4

அண்ணா,

முதலில் ஒரு சத்தியம் செய். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டக் கூடாது. உன் அறையில் இருப்பவர்களிடம்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு. கிழிக்க மனசு வரவில்லை என்றால் தலையணை உறைக்குள் ஒளித்து வை. அப்பாவுக்குத் தெரிந்தால் என் கதை அவ்வளவுதான்.

உனக்குச் சளி விட்டதா? அம்மாவுக்கு முழங்கால் வலி. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றே வேலை. அப்பா ரொட்டி வண்டியை எடுத்துக்கொண்டு விடியுமுன் கிளம்பிவிடுகிறார், அதனால் சாப்பிட்ட கையோடு படுத்துவிடுகிறார். நான் உயிரோடு இருக்கிறேன், பயந்துகொண்டே.

விஷயம் இதுதான். நீ வீட்டை விட்டுப் போன பிறகு, பரணில் கிடந்த உன் பெட்டியை இறக்கினேன். சால்டரிங் அயன், ஈயக் கம்பி, கலர் கலராக ரெசிஸ்டர்கள், எல்லாம் அப்படியே இருந்தன. "படிப்பைப் பாதியில விட்டு ஒருத்தன் கெட்டது போதும். இனிமே இந்த வீட்டுல யாராவது அந்த அயனைத் தொட்டீங்க, அவ்வளவுதான்" என்று அப்பா கத்தியது உனக்கும் மறந்திருக்காது. நான் தொட்டேன். தொட்டதோடு நிற்கவில்லை, செய்ததையெல்லாம் எழுதவும் தொடங்கிவிட்டேன். பள்ளிக்கூடக் கணினி அறையில், சாப்பாட்டு இடைவேளையில். 'ஈயச் சொட்டு' என்று ஒரு வலைப்பதிவு. என் பெயர் எங்கேயும் கிடையாது. 'சொட்டு' என்று மட்டும் போட்டுக்கொள்கிறேன்.

நேற்று நூறாவது பதிவு போட்டேன் அண்ணா! உன் பெட்டி இல்லையென்றால் ஒன்றுகூட இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் "நன்றி சொட்டு" என்று எழுதுகிறார்கள். படித்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய் அழுதேன்.

நூறாவது பதிவில் நான் செய்து காட்டியிருப்பது இருட்டானால் தானே எரிகிற விளக்கு. அந்த வெளிச்சத்தில்தான் இதை எழுதுகிறேன். ஒளி உணரியை ஒரு பேனா மூடிக்குள் சொருகி, வயரைப் பாய்க்கு அடியில் ஓட்டி, கதவு இடுக்கில் வைத்திருக்கிறேன். அப்பா எழுந்து நடைவழி விளக்கைப் போட்டால் இடுக்கு வழியாக வெளிச்சம் விழும், என் விளக்கு தானாக அணைந்துவிடும். நான் போர்வைக்குள் போய்விடுவேன். இந்தக் கடைசி உபயோகத்தைப் பதிவில் எழுதவில்லை.

வீட்டுப் போனிலிருந்து உன் எண்ணை அப்பா அழித்துவிட்டார். பள்ளிக் கணினியில் மின்னஞ்சல் எதுவும் திறக்காது. தையல்கார அக்கா முகவரிக்கு எழுது. "உங்க அப்பா முகத்துக்கு நேரா நான் பொய் சொல்ல மாட்டேன், ஆனா அவர் கேட்காததை நானா போய்ச் சொல்லவும் மாட்டேன்" என்றார்கள். அது போதும்.

உன் சின்னத் திருடி

---

ஜூன் 15

வாலு,

சளி போய்விட்டது, நீதான் தலைவலியாக வந்திருக்கிறாய். அம்மாவை உட்காரும்போது காலை நீட்டி உட்காரச் சொல். அப்பாவுக்கு என் வணக்கம் என்று எழுதினால் நீ எப்படிச் சொல்வாய்? வேண்டாம், என்னிடமே இருக்கட்டும்.

உன் பதிவுகளை ஒன்று விடாமல் படித்தேன், வேலை இடைவேளையில், போனில். பக்கத்தில் இருந்தவர் "என்னப்பா, காதல் கடிதமா, இப்படி இளிக்கிற?" என்றார். "இல்லண்ணே, டிரான்சிஸ்டர்" என்றேன். எழுந்து போய்விட்டார்.

நீ என்னைவிட நன்றாகச் செய்கிறாய். சும்மா சொல்லவில்லை. உன் இருட்டு விளக்கை அன்றைக்கே செய்து பார்த்தேன், படத்தில் இருக்கிறபடியே, டிரான்சிஸ்டரின் ஒரு காலைக்கூட மாற்றாமல். பளிச்சென்று எரிந்தது. சர்க்யூட் போர்டு கம்பெனியில் வேலை செய்கிறவன் சொல்கிறேன், நம்பலாம். நிறுத்தாதே.

பெட்டி உனக்குத்தான். திருட்டு இல்லை.

உன் அண்ணன்

---

ஜூன் 27

அண்ணா,

உன் கடிதத்தைத் தையல்கார அக்கா ரவிக்கைத் துணிக்குள் சுருட்டித் தந்தார்கள். படித்துப் படித்து மடிப்பு கிழிந்துவிட்டது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அம்மா தினமும் சாப்பாடு வைக்கும்போது ஒரு விநாடி நிற்கிறாள். உன் தட்டு இருக்கும் பக்கம்தான் பார்க்கிறாள்.

நீ செய்து பார்த்ததைப் பதிவிலேயே போட்டுவிட்டேன்: 'போர்டு கம்பெனியில் வேலை செய்யும் ஒருவர் இதைச் சோதித்து, சரி என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு என் நன்றி.' உன் பெயர் போடவில்லை, பயப்படாதே.

இப்போது பெரிய விஷயம். வலைப்பதிவைப் பற்றித் தெரிந்தவர் பள்ளியில் கணினி மிஸ் ஒருவர்தான். அவர் கூப்பிட்டு, "நூறு எழுதிட்ட. இனிமே மைக்ரோகண்ட்ரோலர் பக்கம் போக வேண்டியதுதானே?" என்று கேட்டார். நகரத்து நூலகத்தின் மாடியில் அக்டோபர் முதல் சனிக்கிழமையிலிருந்து வகுப்பாம். நகம் அளவு சில்லு, அதற்குள் நாம் எழுதுவதை அது கேட்டுச் செய்யுமாம். என் விளக்குக்கு இருட்டு, வெளிச்சம் இரண்டுதான் தெரியும். அந்தச் சில்லு இருந்தால் "இது அப்பா போட்ட விளக்கு, இது மின்னல்" என்றுகூடப் பிரித்துச் சொல்லலாம். போன வாரம் மின்னல் வெட்டியபோது விளக்கு அணைந்து, நான் வீணாகப் போர்வைக்குள் வேர்த்துக் கிடந்தேன்.

ஆனால் முதல் நாள் வீட்டிலிருந்து பெரியவர் ஒருவர் நேரில் வந்து, சம்மதம் என்று சொல்ல வேண்டும். அப்பாவிடம் கேட்க முடியாது. அம்மாவிடம் சொன்னால் அவள் முகமே காட்டிக்கொடுத்துவிடும். நீ வருவாயா அண்ணா? வீட்டுக்கு வர வேண்டாம். நேராக நூலகத்துக்கு வந்து, தலையாட்டிவிட்டுப் போய்விடு. உனக்குத்தான் இந்தத் துறையே தெரியும்.

உன் சொட்டு

---

ஜூலை 12

வாலு,

நலம். அம்மாவின் கால் எப்படி?

மைக்ரோகண்ட்ரோலர் நல்ல விஷயம். கட்டாயம் படி. லீவு கேட்டுப் பார்க்கிறேன், இங்கே இப்போது வேலை அதிகம். அக்டோபர் தூரத்தில் இருக்கிறது, பார்ப்போம்.

காகிதம் தீர்ந்துவிட்டது, அதனால்தான் இந்தப் பழுப்புத் தாளின் பின்பக்கம். கை கொஞ்சம் மக்கர் செய்கிறது, எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. மற்றபடி எல்லாம் நல்லபடி.

என்னைப் பற்றிப் பதிவில் எழுத வேண்டாமே.

அண்ணன்

---

ஜூலை 20

அண்ணா,

நீ நலமா? கைக்கு என்ன? எண்ணெய் தேய்த்துக்கொள்.

ஒரு தப்பு நடந்துவிட்டது, உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'மூணாம் மாடி' என்ற பெயரில் ஒருவர் எனக்கு ஆரம்பத்திலிருந்து பின்னூட்டம் எழுதுவார். அவர், "சொட்டு, எனக்கு எரியலங்க. பிரிச்சுப் பிரிச்சு மாட்டிட்டேன்" என்று எழுதினார். நான் திமிராக, "போர்டு கம்பெனி ஆளே செஞ்சு பார்த்துட்டார். உங்க கையைச் சரிபாருங்க" என்று போட்டேன். அவர், "என் கை பிறந்ததுலேருந்து என்கிட்டதாங்க இருக்கு, நல்லாத்தான் வேலை செய்யுது" என்று எழுதி, செய்ததைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். நான் வரைந்தபடியே மாட்டியிருந்தார். ஒன்றும் மாறவில்லை.

அப்புறம்தான் என் படத்தைப் பார்த்தேன். டிரான்சிஸ்டர் பாதி நிலா மாதிரி இருக்கும் இல்லையா, ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க வைத்துத்தான் கால்களைக் குறிக்க வேண்டும். நான் இரவில் உதிரி டிரான்சிஸ்டர் ஒன்றை என் விளக்குக்கு எதிரே வைத்து வரைந்தேன். தட்டைப் பக்கம் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது, முதுகு என் பக்கம். இடது கால் வலது காலாகிவிட்டது. நான் பலகையில் மாட்டியது சரி; வரைந்தது தப்பு. படத்தைப் பார்த்துச் செய்த யாருக்கும் எரிந்திருக்காது.

விஷயம் தெரிந்தவர் படத்தைப் பார்க்காமலே சரியாக மாட்டியிருப்பார், தெரியும். ஆனால் அவர் படம் தப்பு என்று என்னிடம் சொல்லியிருப்பார். நீ படத்தில் இருக்கிறபடியே செய்தேன் என்றாய். பளிச்சென்று எரிந்தது என்றாய்.

மூணாம் மாடியிடம் மன்னிப்புக் கேட்டு, படத்தைத் திருத்திவிட்டேன்.

சொட்டு

---

ஆகஸ்ட் 14

அண்ணா,

பதில் இல்லை. நீ நலமாக இருந்தால் சரி, கோபமாக இருந்தால்கூடச் சரி. உடம்புக்கு ஏதும் என்றால் மட்டும் யாரையாவது எழுதச் சொல்.

தினமும் தையல்கார அக்கா வீட்டு வழியாகத்தான் பள்ளிக்குப் போகிறேன். அவர்கள் வாயில் ஊசியைக் கடித்தபடி தலையை மட்டும் ஆட்டுகிறார்கள், இல்லை என்று. நேற்று ஊசியை எடுத்துவிட்டு, "அடியே, நீ என் வாசலைத் தேய்க்கிறதுல படி வழவழன்னு ஆயிடுச்சு" என்றார்கள்.

நான் அந்தக் கடிதத்தை அப்படி எழுதியிருக்கக் கூடாது. கணக்குத் தப்பைச் சிவப்பு மையால் சுழிக்கிற மாதிரி எழுதிவிட்டேன். இப்போது ஒன்று சொல்கிறேன், கேள். நீ செய்து பார்க்காவிட்டால் போகிறது. நூறையும் படித்தாய். மூணாம் மாடிகூட நூறையும் படித்ததில்லை. இடைவேளையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் கேலி செய்ய, என் விளக்கைப் பார்த்துச் சிரித்தாய். அதற்கு நான் நன்றி சொல்லவே இல்லை. அண்ணா, நன்றி.

நீ பழுப்புத் தாளில் எழுதிய கடிதத்தில் ஓர் ஓரத்தில் ஒட்டுநாடா இருக்கிறது. 'கவனமாகத் தூக்கவும்' என்று அச்சடித்திருக்கிறது. நான் அதைப் பற்றி எதுவும் கேட்கப் போவதில்லை.

நூலகத்துக்கு வர முடியாவிட்டால் பரவாயில்லை. கடிதத்துக்கு மட்டும் வந்துவிடு.

உன் தங்கை

---

செப்டம்பர் 3

வாலு,

உயிரோடு, முழுசாக இருக்கிறேன். முதலில் அம்மாவின் கால், பிறகு உன் பரீட்சை, இரண்டையும் பற்றி அடுத்த கடிதத்தில் எழுது.

உன் வலைப்பதிவைப் பற்றி ஒரு புகார்.

விடுமுறை நாளில் கடைத்தெருவுக்குப் போய், கம்பிகளைச் சொருகி மாட்டுகிற ஓட்டைப் பலகை ஒன்று, பேட்டரி, ஒளி உணரி, நீ எழுதிய மற்ற சாமான்கள் எல்லாம் வாங்கினேன். ஈயம் பற்ற வைக்க இங்கே இடமில்லை. முதல் பதிவிலிருந்து தொடங்கினேன். பொத்தானை அமுக்கினால் எரிகிற எல்இடி, சரி. மழைத்தண்ணீர் மணி, சரி. அப்படியே வரிசையாக வந்து, இருட்டு விளக்கைத் திருத்திய படப்படி மாட்டினேன். தட்டைப் பக்கம் என்னைப் பார்க்க. எரியவில்லை.

பிரித்து மாட்டினேன். எரியவில்லை. உன்னைத் திட்டினேன். அப்புறம் நிமிர்ந்து பார்த்தேன். இந்த அறையில் நாங்கள் நிறையப் பேர். ஒருவர் ஷிப்டு முடிந்து வரும்போது ஒருவர் கிளம்புவார். இங்கே விளக்கை அணைப்பதே கிடையாது. உன் விளக்கு, பாவம், இன்னும் பகல்தான் என்று நினைத்துக் காத்துக்கொண்டிருக்கிறது.

அட்டைப் பெட்டிக்கு இங்கே பஞ்சமே இல்லை. ஒன்றை எடுத்துக் கவிழ்த்து மூடினேன். பக்கத்தில் ஒரு துளை போட்டுக் கண்ணை வைத்தேன். எரிந்தது வாலு. பளிச்சென்று. அன்று நான் எழுதினேனே, அதே பளிச். இளிக்கிறாய் என்று கேலி செய்தாரே, அவரும் குனிந்து பார்த்தார். "அட, உள்ள யாரோ குடியிருக்காங்கப்பா" என்றார். அப்புறம் அறையே வரிசையில் நின்றது.

ஆகவே புகார்: உணரியை மூடி வைத்துப் பார்க்கச் சொல்லி நீ எழுதவே இல்லை. எல்லார் வீட்டிலும் இருட்டு கிடைக்காது. சேர்த்து எழுது.

நான் எங்கே வேலை செய்கிறேன் என்று நீ கேட்கவில்லை. அதற்கு நன்றி.

அண்ணன்

---

செப்டம்பர் 12

அண்ணா, அண்ணா, அண்ணா,

அம்மா கால் தேவலை, பரீட்சையும் தேவலை. இரண்டிலும் வீக்கம் குறைந்திருக்கிறது.

உன் புகாரைச் சேர்த்துவிட்டேன். 'அட்டைப் பெட்டிச் சோதனைக்கூடத்துக்கு நன்றி' என்று போட்டேன். என்னை எழுத வேண்டாம் என்றாய், அதனால் உன்னைப் போடவில்லை, பெட்டியைத்தான் போட்டேன். மூணாம் மாடி உடனே, "இவர் நம்ம ஆளு! எரியலன்னு தைரியமா சொல்றாரு" என்று எழுதினார். எனக்கு வந்த பின்னூட்டங்களிலேயே உன் புகார்தான் பெரிய பரிசு. மற்றவர்கள் நன்றாக இருக்கிறது என்பார்கள். நீ ஒன்று குறைகிறது என்றாய். செய்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. நேற்று அப்பா என் அறை வாசலில் பேனா மூடியை மிதித்துவிட்டார். குனிந்து எடுத்தார். நான் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பிப் பார்த்தார், பின்னால் போகிற வயரையும் பார்த்தார். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அப்பா பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியுமா?

வகுப்பு நெருங்குகிறது. மிஸ் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "வீட்டுல யார் வர்றாங்க?" என்று கேட்கிறார். நான் ஒவ்வொரு தடவையும் "எங்க அண்ணன், மிஸ்" என்று சொல்லிவிட்டேன். வருவாயா?

உன் சொட்டு

---

செப்டம்பர் 22

வாலு,

நலம். கையும் சரியாகிவிட்டது, தூக்கித் தூக்கித் தோல் தடித்துவிட்டது, இனி உரியாது.

நூலகத்துக்கு ஒளிந்து வர மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே, முழுக்கப் படி. அங்கே வந்து, உன் பக்கத்தில் நின்று, இந்தத் துறையில் இருக்கிறவன் என்று தலையாட்ட என்னால் முடியாது. நீயும் அப்பாவுக்குத் தெரியாமல் அந்த மாடிப்படி ஏற வேண்டாம். ஏறிவிட்டால் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கதை சொல்ல வேண்டிவரும். அது எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அதனால் வீட்டுக்கே வருகிறேன். அப்பாவிடம் நான் கேட்கிறேன். "நீ எங்கே வேலை பார்க்குற?" என்றுதான் முதலில் கேட்பார். கிடங்கில் மூட்டை தூக்குகிறேன் என்று சொல்லிவிடுவேன். அதற்கப்புறம் அவர் கத்தி முடிக்கட்டும், அட்டைப் பெட்டியைத் திறந்து உன் விளக்கைக் காட்டுகிறேன். அதை என் கையால் செய்தேன் என்பது மட்டும் உண்மை. அதை வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

எந்த வண்டி என்று சொல்ல முடியாது. சரக்கு லாரிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொள்கிறேன் என்றிருக்கிறார். அவர் எப்போது இறக்கிவிடுகிறாரோ அப்போது வருவேன். சனிக்கிழமைக்கு முன்னால் வந்துவிடுவேன்.

அந்த வகுப்பில் சொல்லித்தருவதை எனக்கும் எழுது. நூற்றியொன்றாவது பதிவிலிருந்து நானும் உன் மாணவன்.

அண்ணன்

---

அக்டோபர், வெள்ளி இரவு

அண்ணா,

இது உன் கைக்கு வருமா என்று தெரியவில்லை. நீ கிளம்பியிருந்தால் கடிதம் அங்கே போய்க் காலி மெத்தையைத்தான் பார்க்கும். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நீ நலமாக வந்துகொண்டிருக்க வேண்டும். லாரியில் தூங்கி வழியாதே.

விடிந்தால் வகுப்பு. பையை எடுத்து வைத்துவிட்டேன், மறுபடி பிரித்துவிட்டேன். நீ வரவில்லை என்றால் நானே அப்பாவிடம் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறேன். சாயங்காலம் அவருக்குத் தண்ணீர் கொடுக்கும்போது வாய் வரை வந்தது. "என்ன?" என்றார். "ஒண்ணுமில்லப்பா" என்றேன். "ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு இப்படி முழிக்கிற?" என்றார். அவ்வளவுதான் என் வீரம்.

ஒரு விஷயம் உன்னிடம் சொல்ல வேண்டும். இன்றைக்கு அயனைத் திரும்ப வைப்பதற்காகப் பரணில் ஏறினேன். போன வாரம் மழையில் பரண் ஒழுகியது. உன் பெட்டி நனைந்து போயிருக்கும் என்று பயந்தேன். நனையவில்லை. பெட்டியைச் சுற்றி ரொட்டிக் கம்பெனி பிளாஸ்டிக் தாள். நான்கு பக்கமும் இழுத்து மடித்து, ரொட்டி மூட்டைக்குப் போடுகிற அதே முடிச்சு. நான் சுற்றவில்லை அண்ணா. அம்மாவால் பரண் ஏற முடியாது.

பெட்டிக்குள் ஈயக் கம்பி புதுச் சுருள் ஒன்று இருந்தது. பழையது கோடையிலேயே தீரும் நிலைக்கு வந்துவிட்டது. நான் வாங்கவில்லை.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அப்புறம் அந்த முடிச்சை அதே மாதிரி போட முயன்றேன், வரவில்லை. பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிடும், நான் பார்த்துவிட்டேன் என்று. தெரியட்டும்.

நூற்றியொன்றாவது பதிவின் முதல் வரியை எழுதி வைத்திருக்கிறேன். 'இதுவரை என் விளக்குக்கு இருட்டும் வெளிச்சமும் மட்டும்தான் தெரியும். யார் வருகிறார்கள் என்று இனிமேல்தான் அதற்குச் சொல்லித்தர வேண்டும். இதுவரை கூட வந்த எல்லாருக்கும் நன்றி: மூணாம் மாடிக்கு, ஊசியைக் கடித்தபடி ரகசியம் காத்த ஓர் அக்காவுக்கு, அட்டைப் பெட்டிச் சோதனைக்கூடத்துக்கு, பெட்டி நனையாமல் பார்த்துக்கொண்டவருக்கு.' நன்றாக இருக்கிறதா? குறை இருந்தால் சொல். நீ சொன்னால்தான்

கதவைத் தட்டுகிறார்கள். என் கதவு இல்லை. வாசல் கதவு. மெதுவாகத்தான் தட்டுகிறார்கள், யாரையும் எழுப்பக் கூடாது என்பது மாதிரி.

அப்பாவின் கட்டில் முனகுகிறது. "யாரு, இந்த நேரத்துல?" அம்மாவின் குரலும் கேட்கிறது. வெளியே என்ன பதில் வந்தது என்று காதில் விழவில்லை. ஆனால் அப்பா ஓடுகிறார் அண்ணா, செருப்புக்கூடப் போடாமல், அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை, நடைவழி விளக்கைப் போட்டுவிட்டார், என் விளக்கு அணை